சராசரிக்கு மேலே பத்துப் பேர்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. தையல் மெஷினைத் தொட்டுக்கூடப் பார்க்காத மேனேஜர் ரகுநந்தன், பத்துப் பெண்களை நிற்க வைத்துக் கத்தினார்.

"மணிக்குச் சராசரி அறுபது காலர் தைக்கிறீங்க. அடுத்த ஒரு மணி நேரத்துல எல்லாரும் சராசரிக்கு மேலே வரணும். கீழே இருக்கிற ஆளுக்கு நாளையிலிருந்து வேலை கிடையாது!"

நாற்பத்தைந்து வயதில் ஞாயிறுதோறும் கணக்கு வகுப்புக்குப் போகும் பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிலர் மேலே இருந்தா சிலர் கீழே இருந்துதானே ஆகணும்? அதுதானே சார் சராசரி?"

"இந்த வயசுல கணக்கு ஒண்ணுதான் உனக்குக் கேடு!"

"சரி சார், ஒரு வழி இருக்கு. நீங்களும் எங்ககூட உட்கார்ந்து தைங்க. நாங்க எல்லாரும் மேலே வந்துடுவோம்."

"எனக்கே சவாலா?" என்று வீறாப்பாக மெஷினில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் ஆனது. பெண்கள் ஆளுக்கு ஐம்பத்தெட்டு முதல் அறுபத்திரண்டு வரை, மொத்தம் அறுநூறு தைத்திருந்தார்கள். மேனேஜர் தைத்தது ஐந்து. அதிலும் மூன்று கோணல்.

பூவாத்தாள் போர்டில் கணக்குப் போட்டாள். "அறுநூத்தி அஞ்சைப் பதினொண்ணால வகுத்தா, சராசரி ஐம்பத்தஞ்சு. நாங்க பத்துப் பேரும் மேலே. கீழே ஒரே ஆள்தான். அவருக்கு நாளையிலிருந்து வேலை கிடையாதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார்."