அரசர் கண்ட காட்சி

புகழுரை கேட்காமல் ஒரு கவளம் சோறுகூட இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். வேங்கைக்கோட்டை மாறவேள் என்று பெயர். அவர் தும்மினால் அதிலும் ராகம் கண்டுபிடிக்க ஒரு சபையே காத்திருந்தது. அந்தச் சபையில் யாருக்கும் தலையாட்டாதவள் அலர்மேல் ஒருத்திதான். அரண்மனைத் துணிமணிகளுக்கு அவள் பொறுப்பு. தறியில் கை ஓடுவதைவிட அவளுக்கு வாய் வேகமாக ஓடும்.

அமைச்சர் மங்களநாதருக்கு அவளைக் கண்டாலே வயிற்றெரிச்சல். ஒருநாள் ராஜாவின் காதருகே குனிந்தார்.

"மகாராஜா, கண்ணால் கண்டதை அப்படியே நெய்வேன் என்று அலர்மேல் பீற்றிக்கொள்கிறாள். தாங்கள் தினமும் காணும் காட்சியை ஓர் அங்கவஸ்திரத்தில் நெய்யச் சொல்லுங்கள். பொய்யாக ஒன்று இருந்தாலும் நாடு கடத்திவிடலாம்."

மயிலும் தாமரையும் நெய்தால் பொய். உள்ளதை நெய்தால் ராஜாவுக்குக் கோபம் வரும். எப்படியும் அவள் தொலைந்தாள் என்பது அமைச்சரின் கணக்கு.

ராஜா கட்டளையிட்டுவிட்டார். அலர்மேல் முன்னே வந்தாள்.

"அரசே, தங்கள் கண் காண்பதை நான் காண வேண்டாமா? சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒருநாள் உட்கார அனுமதி கொடுங்கள்."

"உட்கார்ந்துகொள்."

அன்று ராஜா மாம்பழம் தின்றார். "புளிக்கிறது" என்றார். "புளிதான் அரசே! நாங்களே சொல்ல நினைத்தோம்" என்றது சபை. இன்னொரு கடி கடித்தார். "இல்லை, இனிக்கிறது." "தேன் அரசே, தேன்!" என்றது அதே சபை. ஒருவரும் பழத்தைத் தொடக்கூட இல்லை. பின்னால் இருந்த அலர்மேல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் தரையில் கரித்துண்டால் வரைந்து பார்த்தாள். நெடுக்கே ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் மஞ்சள் என்று முடிவு செய்தாள். தானே தறியில் இறங்கி நெய்து முடித்துச் சபைக்கு எடுத்து வந்தாள்.

நீலத்தின்மேல் வரிசை வரிசையாக மஞ்சள் வளைவுகள். வேறொன்றும் இல்லை.

ராஜா அதைத் தோளில் போட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டதும் மங்களநாதர் முந்திக்கொண்டார்.

"ஆகா! என்ன அழகான மலைத்தொடர்!"

"மலை! மலை!" என்றது சபை.

ராஜா நெற்றியைச் சுருக்கினார். "நம் நாட்டில் மலையே இல்லையே?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன் அரசே! மலையே இல்லாத நாட்டில் மலை! பச்சைப் பொய்! துரத்துங்கள் இவளை!"

"துரத்துங்கள்! துரத்துங்கள்!" என்றது சபை.

அலர்மேல் நிதானமாகக் கேட்டாள். "மலை என்று நானா சொன்னேன்?"

"பிறகு இது என்ன?" என்றார் ராஜா.

"முதுகு."

ராஜா துணியை உற்றுப் பார்த்தார்.

"யாருடைய முதுகு?"

"தங்கள் எதிரே நிற்பவர்களுடையது. நெய்வதற்கு ஒரு முகமாவது அகப்படுமா என்று அன்று முழுக்கத் தேடினேன் அரசே. ஒருவராவது நிமிர்ந்தால்தானே முகம் தெரியும்!"

மங்களநாதர் குதித்தார். "அவதூறு! நாங்கள் முதுகெலும்பு உள்ளவர்கள்! யாருக்கும் வளையாதவர்கள்!"

"அப்படியா?" என்று ராஜா சட்டென எழுந்து நின்றார்.

அவ்வளவுதான். சபை மொத்தமும் இடுப்பு ஒடிய வளைந்தது. எல்லோருக்கும் முன்னால் வளைந்தவர் மங்களநாதர்.

ராஜா துணியைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார். முதலில் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிம்மாசனம் ஆடும் அளவுக்குச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

சிரித்து ஓய்ந்ததும் துணியின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"எல்லாம் சரி அலர்மேல். இங்கே ஒன்று மட்டும் தரையைத் தொடுகிற மாதிரி வளைந்திருக்கிறதே, நெசவில் பிழையோ?"

அலர்மேல் ஓரக்கண்ணால் மங்களநாதரைப் பார்த்தாள்.

"பிழை இல்லை அரசே. அது பதவி உயர்வு."