பதினாறாம் நம்பர்

நூர்ஜஹான் மேடத்தின் ஸ்டுடியோவில் பிரிண்ட் போடுகிற ஆள் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிடுவேன். இப்போது சிரிப்பதில்லை.

தீனதயாளன் சார் மேடத்தைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்தபிறகு எங்களிடம் கேமரா கற்றுக்கொள்ள வந்தார். தன் சின்ன மகள் சுகந்தியையே படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் படங்களை மேஜையில் பரப்பினார்.

"மேடம், எல்லாத்துலயும் பாப்பா பின்னாடி ஏதோ மங்கலா நிக்குது. லென்ஸ்ல கோளாறா?"

நானும் எட்டிப் பார்த்தேன். மாம்பழக் கலரில் புடவை மாதிரி ஒரு மங்கல்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க அதுல வெளிச்சம் வர்ற துளையை அகலமா திறந்து வெச்சிருக்கீங்க. அப்படி வெச்சா முன்னாடி இருக்கறவங்க மட்டும்தான் தெளிவா விழுவாங்க."

"பின்னாடி இருக்கறதையும் தெளிவாக்க முடியுமா?" அவர் அந்த மங்கலை விரலால் தொட்டார். "அது என் சம்சாரத்தோட புடவை மேடம். வருஷத் திதி வருது. மாலை போட்டு மாட்ட ஒரு நல்ல படம்கூட இல்ல. எப்பவும் எல்லாருக்கும் பின்னாடி போய் நின்னுக்குவா."

மேடம் லென்ஸைத் திருகிக் காட்டினார். "பதினாறுல வைங்க. நம்பர் ஏறினா துளை சின்னதாகும். பின்னாடி இருக்கறதும் தெளியும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு இல்ல. துளை சின்னதானா வெளிச்சம் கொஞ்சமாத்தான் வரும். உங்க ஹாலோ இருட்டு. ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெக்கணும். அதுவரைக்கும் அசையாம நிக்கறவங்கதான் படத்துல இருப்பாங்க."

"பாப்பாவை அசையாம நிக்கச் சொல்றேன்."

"பாப்பா எதுக்கு சார்? ஹாலை மட்டும் எடுங்க."

"பாப்பா இல்லாட்டி அது வர்றதில்ல மேடம்."

மேடம் படங்களை அடுக்கி அவரிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் வந்தார். ஷேவ் செய்யாத முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் பிரிண்ட் போட்டேன்.

புடவை மடிப்பு, மூக்குத்தி, பொட்டு எல்லாம் பளிச்சென்று வந்தன. ஒரு பெண் நேராக என்னையே பார்த்தாள். அவளுக்கு முன்னால், பாப்பா நின்ற இடத்தில், புகை மாதிரி ஏதோ இழுபட்டிருந்தது. முகமே இல்லை.

"திரும்பித் திரும்பிப் பார்த்துட்டா மேடம், எவ்வளவோ சொன்னேன்" என்றார். "அன்னையிலேர்ந்து காய்ச்சல். வாயே திறக்க மாட்டேங்கறா. பரவாயில்ல, சாயங்காலம் மறுபடி நிக்க வெச்சுப் பார்க்கறேன். இப்போதைக்கு இதையே பெருசாக்கி, மாலையும் போட்டுக் கொடுத்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது, இவர் படத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார்!

மேடம் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"போட்டுத் தரேன் சார். இந்த ரெண்டு பேர்ல மாலை யாருக்கு?"