மாலுமியின் நெற்றியில் காவிப் பொட்டு

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், எந்தக் காலம் என்று குறுக்கே கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன்: கடலில் உப்புப் போட்டு முடித்த மறுவாரம். போதுமா? அப்போது ஒரு துறைமுக நகரத்தைக் கீர்த்திவளவன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் சிம்மாசனத்தில் அவனால் சற்று நேரம் ஒழுங்காக உட்கார முடியாது. இந்தப் பக்கம் சாய்வான், அந்தப் பக்கம் சாய்வான். அடியில் அடுக்கடுக்காக மெத்தை வேறு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நாமும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம்.

அந்த ஊரில் கப்பல் கட்டுவதே ஒரு தினுசு. வீட்டுக்கொரு பலகை கொடுப்பார்கள். பலகை கொடுத்தவரெல்லாம் பங்குதாரர்கள். கப்பல் ஊர் திரும்பினால் லாபத்தில் பங்கு, திரும்பாவிட்டால் பலகையும் போச்சு. கடலில் இறக்கும் முன் பழுது பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்று ஊர்கூடி நிற்க, பலகையில் கீறலோ பூச்சி அரித்த ஓட்டையோ இருந்தால் எல்லோரும் பார்க்கும்படி அதில் காவிப் பொட்டு வைக்க வேண்டும். பழுதை மறைத்தவனுக்குத் தண்டனை என்ன தெரியுமா? அந்தப் பழுதின் மேலேயே உட்கார்ந்து அவனும் பயணம் போக வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு பொய் சொல்பவர்கள் துறைமுகத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரும்பாலும் அரசவைக்கு.

அந்த அவையில் விகடகவியாக இருந்தவன் மிளகன். ஆள் குள்ளம், வாய் காரம், அதனால் வந்த பெயர். அவன் ஒருநாள் கொலு மண்டபத்தில் விசித்திரம் ஒன்றைக் கண்டான். மாலுமித் தலைவர் ஆழியப்பன் உள்ளே வந்தார், ஒரு தூணின் முன் நின்று இடுப்பு வளைய வணங்கி, "மன்னர் வாழ்க!" என்றார். தூண் பதில் சொல்லவில்லை. மன்னனோ எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான்.

அரண்மனை வைத்தியர் ஆழியப்பனின் கண்களைப் பார்த்துவிட்டு, திரை விழுந்துவிட்டது, அடுத்த மழைக்குள் முழு இருட்டுதான் என்று கையை விரித்தார். புதுக் கப்பலோ கடலில் இறங்கக் காத்திருந்தது.

தலைமை அமைச்சர் பேரின்பராயர் முன்வந்தார். "மன்னர் பெருமானே, இது வெளியே தெரிந்தால் ஆளாளுக்குத் தங்கள் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கரையில் ஆணி மட்டுமே மிஞ்சும். மாலுமித் தலைவர் பூரண நலத்துடன் இருக்கிறார், நேற்று இரண்டு வேளை விருந்துண்டார் என்று முரசறையலாம்."

"அதுவே சரி," என்றான் மன்னன். பிறகு மிளகனைப் பார்த்தான். "மிளகா! இந்தச் செய்தியை நீ வாயால் சொல்லக்கூடாது, கையால் காட்டக்கூடாது, ஓலையில் எழுதக்கூடாது. மீறினால் நாக்கு இருக்காது."

மிளகனிடம் பலமுறை மூக்குடைபட்டவர் பேரின்பராயர். விடுவாரா? "இந்த முறை காவிப் பொட்டு வைக்கும் பொறுப்பை மிளகனிடமே ஒப்படைக்கலாம் பிரபு. ஒரு பழுதை விட்டாலும் சட்டப்படி அவனே பயணம் போகட்டும்," என்று குழைந்தார்.

எப்படி இருக்கிறது பாருங்கள் குள்ளநரித்தனம்! சொன்னால் நாக்கு போகும், சொல்லாவிட்டால் குருட்டு மாலுமியோடு நடுக்கடல். மிளகன் வணங்கிவிட்டு நேரே கரைக்குப் போனான்.

ஆழியப்பன் கப்பல் நிழலில் உட்கார்ந்து பாய்மரத் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். மிளகன் குரல் கொடுத்ததுமே அவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"என் கண்ணு, என் கஷ்டம். ஊருக்கு எதுக்குய்யா சொல்லணும்?"

"உமக்கு வயித்து வலின்னா அது உம்ம வீட்டுச் சமாச்சாரம். எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆனா உம்ம கண்ணை நம்பித்தானேய்யா பலகை கொடுத்திருக்கான் ஒவ்வொருத்தனும்?"

பெரியவர் துணியை மடியில் போட்டுக்கொண்டார். "சொன்னா கரையிலே ஒக்கார வச்சிருவாங்க மிளகா. கடலை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். மிளகன் அந்தத் துணியை மடித்து அவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பினான்.

பழுது பார்க்கும் நாள் வந்தது. ஊரே கரையில். மன்னன் மெத்தைகளோடு வந்து அமர்ந்தான். மிளகன் காவிக் கிண்ணத்தோடு பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு போனான். மீன் விற்கும் செம்பவளம் தன் வீட்டுக் கதவையே கழற்றிப் பலகையாகக் கொடுத்திருந்தாள். துடுப்புப் போடும் கூட்டத்தில் அவள் மகனும் ஒருவன்.

"ஐயா, இங்கே ஊசி முனை அளவு ஓட்டை ஒண்ணு இருக்கு. பொட்டு வச்சிருங்க. அப்புறம் மறைச்சேன்னு பேச்சு வரக்கூடாது," என்று அவளே காட்டினாள்.

மிளகன் பொட்டு வைத்தான். பிறகு சுக்கானருகே நின்ற ஆழியப்பனிடம் வந்து, அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டான்.

"மன்னா, அடியேனுக்கு ஒரு ஐயம். மாலுமித் தலைவர் கப்பலைச் சேர்ந்தவரா, இல்லையா?"

பேரின்பராயருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லவே இல்லை! கப்பல் வேறு, மாலுமி வேறு!" என்று முந்திக்கொண்டார்.

"நல்லது. யாரங்கே! கப்பலைச் சேராதது எதுவும் கப்பலில் இருக்கக்கூடாது. ஐயாவை மெதுவாக இறக்கிவிடுங்கள். கப்பல் அவரில்லாமலே புறப்படட்டும்."

"அடப்பாவி!" அமைச்சர் பதறினார். "அவரில்லாமல் கப்பல் ஓர் அடி நகருமா? அவர்தானே கப்பலுக்கு உயிர்!"

"அப்படியானால் சேர்ந்தவர்தான்," என்று மிளகன் அமைச்சரின் கையில் காவிக் கிண்ணத்தைக் கொடுத்தான். "எனக்கு வாயும் கையும் கட்டு, அமைச்சர் பெருமானே. தாங்களே பார்த்து, பழுது இருந்தால் பொட்டு வையுங்கள். இல்லையென்றால் இல்லையென்று சொல்லுங்கள். சுக்கான் பக்கத்தில் தங்களுக்கு நல்ல இடமாகப் போட்டுவைக்கச் சொல்கிறேன்."

பேரின்பராயர் கடலைப் பார்த்தார். ஆழியப்பனைப் பார்த்தார். அவரோ அமைச்சர் என்று நினைத்து நங்கூரத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அமைச்சர் பாய்ந்து போய் ஆழியப்பன் நெற்றியில் ஒரு பொட்டு, இரண்டு கண்களுக்கும் கீழே ஒவ்வொரு பொட்டு, போதாதென்று கன்னத்திலும் அப்பினார்.

கரையில் சளசளவென்று பேச்சு எழுந்தது. இரண்டு மூன்று பேர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். செம்பவளம் அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள்.

"பெரியவரே, கண்ணு தெரியாமயா எம்புள்ளயக் கூட்டிட்டுப் போகப் பார்த்தீரு?"

ஆழியப்பன் கைகூப்பினார். "தப்புதான் தாயி. சொல்ல மனசு வரல." பிறகு நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்: "சுக்கானைத் துணை மாலுமி பிடிக்கட்டும். நானே பழக்கினவன்தான்."

செம்பவளம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காத்தை மோந்து திசை சொல்ல உம்மை விட்டா ஆளு ஏது? அதுக்குக் கண்ணு எதுக்கு? நீரும் ஏறும். என் கதவு கப்பலிலேயே கிடக்கட்டும்."

கடப்பாரைகள் தரைக்கு வந்தன. ஒரு பலகையும் பெயரவில்லை. பெரியவர் முகம் கோணிக்கொண்டு அழுதார், காவி கரைந்து தாடி வரை வழிந்தது.

மன்னன் மிளகனைக் கிட்டே அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். "மிளகா, அப்படியென்றால் நானும்... இந்த மெத்தை விஷயத்தை... முரசறைய வேண்டுமா?"

"மன்னா, அது தாங்கள் எதைக்கொண்டு நாட்டை ஆளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தலையைக்கொண்டு ஆள்வதாக இருந்தால், மெத்தை விஷயம் அரண்மனைக்குள்ளேயே இருக்கட்டும்."

மன்னன் சிரித்த சிரிப்பில் மெத்தைகளெல்லாம் சறுக்கி மணலில் விழுந்தன. "ஐயோ, அம்மா!" என்று உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு வலியோடு சேர்த்தே சிரித்தான். அடுத்த கப்பலுக்கென்று அரண்மனைத் தேக்கில் அறுத்து வைத்திருந்த தன் சொந்தப் பலகையையே வரவழைத்து மிளகனுக்குப் பரிசாகக் கொடுத்தான்.

அரசர் கொடுத்த பரிசு. கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமா இல்லையா? மிளகன் அதைத் திருப்பிப் போட்டு, விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அமைச்சரே, அந்தக் காவிக் கிண்ணத்தை இப்படிக் கொடுங்கள்," என்றான்.