அண்ணாச்சி அழித்த வரி

என் பிள்ளையை அம்மாவிடம் தூங்க விட்டுவிட்டு நான் வரட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டி அண்ணாச்சி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

என் அக்கா பூரணவல்லி சித்த வைத்தியர். அண்ணாச்சி அவளிடம் பாடம் கேட்கிறவர். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் அப்பா வயது. ஆனாலும் அவளுக்கு முன்னால் உட்காரமாட்டார்.

"வைத்தியரம்மா, இந்த அநியாயத்தைக் கேளுங்க."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இன்டர்நெட்டில் கலைக்களஞ்சியம் இருக்குல்லா, உலகமே பார்க்கிறது. அதில் நம்ம வைத்தியத்தை ஏமாற்று வேலைன்னு எழுதியிருக்கான்."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா விடுவேனா? பேரே கிடையாது. நான் அழிச்சேன். திரும்ப எழுதிட்டான். மறுபடியும் அழிச்சேன். இப்போ என்னையே எழுதவிடாம வச்சிருக்கான். கடைசியா ஒரு பதில் மட்டும் எழுதலாமாம்."

"நம்ம புத்தகங்களைக் காட்டலையா?"

"காட்டாம இருப்பேனா? நோய் குணமாகும்னு சொல்ல அதெல்லாம் ஆதாரம் ஆகாதாம்."

அவர் குரல் இறங்கியது.

"என் மகன் இதைக் காட்டித்தான் இனி இங்கே வரக்கூடாதுங்கான். அப்பாவை ஏமாத்துறாங்கன்னு சொல்லுதான் வைத்தியரம்மா. ஞாயிற்றுக்கிழமை நேரில் வாரான்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏமாற்று வேலைங்கிறது அநியாயம்தான். அந்த ஒரு வரியைத்தான் அழிச்சீங்களா?"

"இன்னொண்ணும் இருந்துச்சு. பதம் தப்பினா நம்ம பஸ்பம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்னு. அதையும் சேர்த்துத்தான்."

அக்கா எழுந்து போனாள். அண்ணாச்சி செய்துகொண்டிருந்த செம்புப் பஸ்பத்தை எடுத்துவந்தாள். செம்பை மூலிகைச் சாற்றில் அரைத்து, வரட்டி நெருப்பில் திரும்பத் திரும்பப் புடம் போட்டால்தான் அது மருந்து. ஒரு சிட்டிகை எடுத்துத் தேனில் குழைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடுங்க."

அண்ணாச்சி ஓரடி பின்னால் போய்விட்டார்.

"என்ன வைத்தியரம்மா! இன்னும் புடம் பாக்கி இருக்கே!"

"இருக்கட்டும். நீங்க செஞ்சதுதானே?"

"விளையாடுதீங்களா? பதம் வராத செம்பைத் தின்னா வாந்தி நிக்காது. சிறுநீரகம் போயிரும்."

"அப்படின்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நம்ம புத்தகத்திலேயே இருக்கே. நீங்கதானே முதல் பாடமா நடத்துனீங்க!"

அக்கா தேனைக் கீழே வைத்தாள். அவர் சட்டைப் பையில் இருந்த செல்போனைப் பார்த்தாள்.

வரட்டிக் கையோடு நானும் நின்றுவிட்டேன்.

அண்ணாச்சி மெதுவாகச் செல்போனை எடுத்தார். எடுத்தவர், அன்றுதான் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லி எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆதாரம் கேட்பாங்க."

"என்னத்தைக் காட்ட?"

"இப்போ எதைச் சொன்னீங்களோ, அதை. அந்தப் பக்கத்தில் நம்ம புத்தகத்துக்கு முதல் இடம் அங்கேதான்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். முகமே மாறிவிட்டது.

"அப்போ என் மகன் வந்தா?"

"அவன் வாசிச்சுக் காட்டுறதுக்கு முன்னால நீங்க வாசிச்சுக் காட்டுங்க. இந்த வரியை, சத்தமா."

இவள் என் கூடப்பிறந்தவள். அதை ஊரெல்லாம் கேட்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்குத்தான் நாலு பேர் முன்னால் வாய் வராதே. இன்றைக்காவது அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்று ஓரடி எடுத்துவைத்து, "அண்ணாச்சி, எங்க அக்கா..." என்றேன்.

"ஏட்டி, பிள்ளை முழிச்சிட்டான், வா!" என்று உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.