குட்டையில் இல்லாத பதின்மூன்றாவது கணு

வேனல் முற்றிய காட்டில் ஒரே ஒரு பாறைக் குட்டையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அந்தத் தண்ணீரில் தவளைக் குஞ்சுகளான தலைப்பிரட்டைகள் எள்ளைக் கொட்டியது போல நெளிந்துகொண்டிருந்தன. அவை வளர்ந்து தரையில் தாவும்வரை தண்ணீர் வற்றக் கூடாது.

செவ்வரி என்ற தாய்த் தவளைக்கு அந்தக் கவலையில் தூக்கமே இல்லை. தவளைக் குலத்திலேயே கணக்குக் கற்ற முதல் தவளை அவள்தான்.

ஒரு நாள் தண்ணீரைப் பங்கு பிரிக்கக் கூட்டம் கூடியது. உடும்பு நடுவராக உட்கார்ந்தது.

"என் கூட்டம் பெரிது. எனக்குப் பாதி!" என்றது காட்டுப்பன்றி.

"எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும்," என்றது மான்.

மயில் தோகையை உதறியது. "எனக்கு நான்கில் ஒரு பங்கு! இரண்டைவிட, மூன்றைவிட நான்குதானே பெரிது? என்னை யாரும் மிஞ்ச முடியாது!"

"எடுத்துக்கொள் ராசா, நன்றாக எடுத்துக்கொள்!" என்று பன்றி சிரித்தது.

உடும்பு மணலில் வாலால் எழுதியது. "மேலே ஒன்று, ஒன்று, ஒன்று. கூட்டினால் மூன்று. கீழே இரண்டு, மூன்று, நான்கு. கூட்டினால் ஒன்பது. ஆக, ஒன்பது பங்கில் மூன்றுதான் செலவு! மீதி ஆறும் தவளைப் பிள்ளைகளுக்கு!"

தவளைகள் துள்ளிக் குதித்தன. செவ்வரி மட்டும் துள்ளவில்லை. பன்றி ஒன்றே பாதியை எடுத்துக்கொண்டால், மூன்று பேருக்கும் சேர்த்துச் செலவு எப்படிப் பாதிக்கும் குறைவாக இருக்கும்?

அவள் ஒரு நாணலைக் கொண்டுவந்து தண்ணீரில் நட்டாள்.

"ஐயா, கோபிக்காதீர்கள்," என்றாள். குரல் மெலிதாகவே வந்தது. "பாதி வேறு அளவு, மூன்றில் ஒன்று வேறு அளவு. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கூட்டக் கூடாது. இந்த நாணலில் தண்ணீர் பன்னிரண்டு கணு உயரம் நிற்கிறது. பன்னிரண்டை இரண்டாகவும் மூன்றாகவும் நான்காகவும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். பாதி என்றால் ஆறு கணு. மூன்றில் ஒன்று நாலு கணு. நான்கில் ஒன்று மூன்று கணு. மொத்தம் பதின்மூன்று! குட்டையில் இருப்பதே பன்னிரண்டுதான். என் பிள்ளைகளுக்கு ஒரு சொட்டும் இல்லை ஐயா. பன்றியார் நாலு, மான் மூன்று, மயில் இரண்டு என்று குறைத்துக்கொண்டால் மூன்று கணு மிஞ்சும்."

"நான் பாதிதானே கேட்டேன்? கணுவா கேட்டேன்?" என்று உறுமியது பன்றி.

"இரண்டா? எல்லாரிலும் குறைவாக எனக்கா?" என்று அகவியது மயில்.

அதற்குள் தவளைக் கூட்டத்திலிருந்து அவளுடைய தாய்மாமன் கொப்பளான் முன்னால் தாவினார்.

"அடியே செவ்வரி! உடும்பார் ஆறு பங்கு தருகிறேன் என்கிறார். நீ ஒன்றுமே இல்லை என்கிறாய். உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா?"

"எல்லாம் படித்த திமிர்!" என்றது இன்னொரு தவளை.

"சரி, தவளைகளே சொல்லட்டும். யார் கணக்கு வேண்டும்?" என்று கேட்டது உடும்பு.

"உடும்பார் கணக்கு! உடும்பார் கணக்கு!" என்று தவளைகள் எல்லாம் கத்தின.

செவ்வரி மனதுக்குள் மறுபடி கூட்டினாள். பதின்மூன்று. இன்னொரு முறை கூட்டினாள். அதே பதின்மூன்று. ஆனால் இத்தனை பேரும் தப்பாகவும் தான் ஒருத்தி மட்டும் சரியாகவும் இருக்க முடியுமா? அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பன்றிக் கூட்டம் ஆறு கணு குடித்தது. ஒரு மடக்குக் கூடக் கூடுதல் இல்லை. மான்கள் நாலு கணு குடித்தன. அவையும் சொன்ன சொல் தவறவில்லை. மயில்கள் வந்தபோது இரண்டு கணுதான் நின்றது. அதையும் உறிஞ்சிவிட்டு, "எங்கள் மூன்றாவது கணு எங்கே? எவன் திருடினான்?" என்று கூச்சலிட்டன.

பன்றி மானைப் பார்த்தது. மான் பன்றியைப் பார்த்தது. உடும்பு மறுபடி வாலால் எழுதியது. மேலே மூன்று, கீழே ஒன்பது.

"கணக்கு சரிதான். தண்ணீர்தான் தப்பு!" என்றது. உடும்புப் பிடியல்லவா!

குட்டையில் சேறு மட்டும் மின்னியது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால்கள் முளைத்திருந்தன. முன்னங்கால்கள் இன்னும் வரவில்லை. செவ்வரி தன் தோலில் ஒட்டியிருந்த ஈரத்தை ஒவ்வொன்றின் மேலும் தேய்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்குக் கூட அது போதவில்லை. வெயில் ஏறியது. சேற்றில் துடித்த வால்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

கொப்பளான் மாமா தலை குனிந்து வந்தார்.

"உனக்குத்தான் தெரிந்திருந்ததே, அம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா?"

செவ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேற்றில் நின்ற நாணலைப் பிடுங்கி அவர் முன் வைத்தாள்.

எல்லாருடைய பங்கையும் ஒரே அளவில் வைத்துக் கூட்டிப் பார்க்க மறுக்கும் இடத்தில், யாரும் திருடாமலே எளியவரின் பங்கு காணாமல் போகும்.