கரைமேல் நிற்கிறவர்

“அம்மா, எனக்கு வேற சுவடி கொடுங்க.”

வடிவம்மை முறத்திலிருந்த பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“ஏன் அண்ணாச்சி, பூச்சி அரிச்சிருக்கா?”

“இல்லம்மா.”

“எழுத்து தெரியலையா?”

“முத்து முத்தா இருக்கு.”

“பிறகென்ன?”

“பௌர்ணமி நெருங்குது” என்று மட்டும் சொன்னார் நல்லபெருமாள்.

“அது மாசாமாசம் நெருங்கும்” என்றார் வடிவம்மை. ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மலைப் பள்ளியில் வடிவம்மை ஆசிரியர், நல்லபெருமாள் மாணவர். ஆனால் தலை நரைத்திருந்தது மாணவருக்குத்தான். ஆசிரியர் அவருடைய கடைசித் தங்கையைவிட இளையவர்.

பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. சுவடி படித்தவர் பௌர்ணமிக் காலையில் அதை முற்றத்து நடுவே ஒரு மணைமேல் வைக்க வேண்டும். விருந்தாளிக்கு எதிரே உட்காருவதுபோல் உட்கார வேண்டும். பிறகு அந்தச் சுவடிக்குப் பதில் சொல்ல வேண்டும். வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

போன பௌர்ணமிக்கு, கூடப் படிக்கும் பிச்சாண்டி ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தான். அவன் படித்த கதையில் வரும் இடையனுக்குக் குளிருமாம்.

உலகம்மை படித்தது, பெற்ற மகளைக் காட்டில் விட்டுவிட்டு வந்த ராஜாவின் கதை. அவள் ஒரு பூசணிக்காய்க்கு மீசை வரைந்து மணைமேல் உட்காரவைத்து, “ஏன்யா விட்டுட்டு வந்தே?” என்று விசாரணை நடத்தினாள். ராஜா வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அவரைக் குழம்பு வைத்துவிட்டார்கள்.

நல்லபெருமாள் அன்று தன் சுவடியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒப்பித்தார். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. ஆற்றங்கரை மடத்தில் இருந்தபோது அவருக்குப் ‘பேசும் சுவடி’ என்றே பெயர்.

வடிவம்மை பொறுமையாகக் கேட்டார். வெயில் முற்றத்தின் பாதிக்கு வந்துவிட்டது.

“இதைச் சுவடியே சொல்லிருச்சே, அண்ணாச்சி. நீங்க என்ன சொன்னீங்க?”

ஒப்பித்தது பதில் ஆகாது; பதில் சொல்லாதவருக்கு அடுத்த சுவடி கிடையாது. ஆனால் நல்லபெருமாள் புதிதாக வந்தவர் என்பதால் அவருக்கு இன்னொரு சுவடி கிடைத்தது. அன்று அவருக்குப் பக்கத்தில் பதிலில்லாமல் நின்ற இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை. சுவடி இல்லாதவருக்கு அந்த மலையில் என்ன வேலை? மாலைக்குள் அவராகவே துணியை மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த முதுகைப் பார்த்தபோதுதான் நல்லபெருமாளுக்கு முதல்முறை பயம் வந்தது. இறங்கினால் மறுபடியும் ஆற்றங்கரை மடம். மறுபடியும் ஒப்பிப்பது. சாகும்வரை.

ஆனால் இப்போதைய பயம் அதற்காக மட்டும் இல்லை.

இந்தச் சுவடியின் கதையில் ஓர் ஏரிக்கரைக் காவல்காரர் வருகிறார். விடாத மழை. அவர் கரைமேல் நடந்து போகிறார். ஓரிடத்தில் காலடியில் மண் அதிர்கிறது. குனிந்து பார்க்கிறார். கரையில் விரல் நுழையும் ஓட்டை. அதிலிருந்து நூல்போலத் தண்ணீர் வருகிறது. அவர் காலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு ஊரைப் பார்த்துக் கூப்பிடுகிறார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார்.

அங்கே அந்த ஏடு முடிகிறது.

நல்லபெருமாள் அங்கேயே சுவடியை மூடினார்.

உச்சி வெயிலில் பாறைமேல் உட்கார்ந்துதான் படித்தார். ஆனாலும் பாதம் சில்லிட்டுப்போயிருந்தது. எத்தனையோ சுவடிகளை மனப்பாடம் செய்தவர் அவர். போர், கொலை, பிரளயம் எல்லாம் அவர் வாய் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட அவரைத் தொட்டதில்லை. இந்த ஆள் எப்படி உள்ளே வந்தார்?

அடுத்த ஏட்டைத் தள்ளினால் கரை உடையும். அவர் போய்விடுவார்.

தள்ளாவிட்டால் உடையாது.

சுவடியைத் துணியில் சுற்றி அறையின் மூலையில் வைத்தார். பிறகு அதை எடுத்து வேறு மூலையில் வைத்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டாலே அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். ஒருநாள் துணி ஈரமாக இருப்பதுபோலத் தோன்றியது. தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பௌர்ணமியோ நிற்கவில்லை.

முடிவைப் படிக்காமலே பதில் செய்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார். ஓடையிலிருந்து களிமண் எடுத்து வந்தார். உமி கலந்து பிசைந்தார்.

“என்ன அண்ணாச்சி, அடுப்பு போடுறீங்களா?” என்று கேட்டாள் உலகம்மை.

“பதில்.”

“அடேயப்பா! ஒப்பிக்கிறவருக்குக் கையும் இருக்கா?”

அவருக்குக் கை இருந்தது. பலகைமேல் கரை வளைந்து எழுந்தது. மதகு வந்தது. ஈர்க்குச்சிகள் பனைமரங்களாயின. கடைசியாகக் கட்டைவிரல் உயரத்தில் ஓர் ஆள். தலையில் மழைக்குப் போடும் ஓலைக் கொங்காணி. ஒரு கால் மட்டும் முன்னால் ஊன்றியிருந்தது.

பௌர்ணமிக் காலையில் சுவடியை மணைமேல் வைத்து, அதன் எதிரே பலகையை வைத்தார். எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள்.

“அந்தக் காலைப் பாரேன்!” என்றான் பிச்சாண்டி. “வலிக்குதுன்னு தெரியுது.”

உலகம்மைகூடக் கிண்டல் செய்யவில்லை. நல்லபெருமாள் மூச்சு விட்டார். பிழைத்தோம் என்று நினைத்தார்.

வடிவம்மை பலகையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இது ஏரிதானே, அண்ணாச்சி?”

“ஏரிதாம்மா.”

“கதையில தண்ணி உண்டா?”

“உண்டு. கரை விளிம்புவரைக்கும் நிக்கும்.”

“இங்கே காணோமே” என்றார் வடிவம்மை. பக்கத்திலிருந்த செம்பை எடுத்துக் கரையின் உட்புறத்தில் சாய்த்தார்.

தண்ணீர் களிமண்மேல் பரவியது. மதகை மூடியது. ஏறியது. கரையின் நிறம் கீழிருந்து மேலாகக் கறுத்துக்கொண்டே வந்தது. ஈர்க்குச்சி ஒன்று சாய்ந்தது. கரையின் அடியில் ஓரிடத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து, ஒரு சொட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

“வேண்டாம்!”

முற்றம் முழுக்கத் திடுக்கிட்டது. நல்லபெருமாள் பாய்ந்து அந்த மண் ஆளைப் பறித்துக் கைக்குள் மூடிக்கொண்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

வடிவம்மை செம்பை நிமிர்த்தினார்.

“முடிவைப் படிக்கலையா?”

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மாலைக்குள் மலை இறங்க வேண்டியதுதான்.

“படிக்கலம்மா.”

“ஏன்?”

“பயமா இருக்கு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வடிவம்மை அந்தப் பக்கம் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“எதுக்குப் பயம்?”

“தள்ளினா அவர் போயிருவாரு. நான் தள்ளலைன்னா போக மாட்டாரு. காப்பாத்தி வச்சிருக்கேன்.”

“சரி. இப்போ எங்கே இருக்காரு?”

நல்லபெருமாளின் பார்வை சுவடிக்குப் போனது. “கரைமேலதான்.”

“உட்கார்ந்திருக்காரா?”

“நிக்காரு. ஓட்டைமேல காலை வச்சிருக்காரு. எடுக்க முடியாது.”

“மழை?”

“பெய்யுது.”

“கூட யாரு?”

“யாருமில்லை. கூப்பிட்டாரு. யாரும் வரலை.”

“நீங்க எப்போ சுவடியை மூடினீங்க, அண்ணாச்சி?”

“அமாவாசைக்கு முன்னாலம்மா.”

வடிவம்மை செம்பைத் தரையில் வைத்தார்.

“அன்னையிலிருந்தா நிக்காரு?” என்றாள் உலகம்மை, மெதுவாக.

பலகையின் ஓரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நல்லபெருமாள் கையைத் திறந்தார். ஆள் இல்லை. விரல்களின் தடம் பதிந்த ஈர மண் மட்டும்தான் இருந்தது.

பிறகு கையை வேட்டியில் துடைத்தார். மணைமேலிருந்த சுவடியை எடுத்து மடியில் வைத்தார். கயிற்றின் முடிச்சை அவிழ்க்க வரவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. முடிச்சு கடைசியில் அவிழ்ந்தது. ஏடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, தாம் நிறுத்திய ஏட்டுக்கு வந்தார்.

பயம் அப்படியே இருந்தது. பாதம் சில்லிட்டது. காதுக்குள் மழை கேட்டது.

அவர் சுவடியின்மேல் குனிந்தார்.

“ஐயா, இதோ வந்துட்டேன்” என்றார்.

ஏட்டைத் தள்ளினார்.