நடுங்கும் கலயம்

முன்னொரு காலத்திலே, பாம்பு பல் தேய்த்து, பாறை கொட்டாவி விட்ட காலத்திலே, வேங்கைநாட்டு ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஆலமங்கலத்து ஏரியை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். கரையை உயர்த்தக் கொடுத்தது மூன்றே மாதம். அவருக்கென்ன, அரண்மனை ஏரிக்குக் கீழேயா இருக்கிறது?

அதே மூன்று மாதத்தில் மடையைக் காத்தவன் காய்ச்சலில் செத்துப்போனான். மடைச் சாவி அவன் மனைவி அரும்பாயி கைக்கு வந்தது. பழைய ஏரியை அவளுக்குத் தெரியும். இந்தப் புது ஏரியைத் தெரியாது. புருஷன் செய்தது போலவே தினமும் விடியற்காலையில் கரையின் வெளிச்சரிவில் வெறுங்காலோடு நடந்தாள். எங்கே கசிகிறது என்று உள்ளங்கால்தான் முதலில் சொல்லும். கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நடந்துவிட்டு வந்தாலும் மனசு அடங்கவில்லை. "மடை பூட்டினேனா? அடுப்பு அணைச்சேனா? பிள்ளை வந்தாளா?" என்று மூன்று தடவை கேட்பாள். சோறு தொண்டையில் இறங்காது. பத்து வயது மகள் தும்பைதான் பொறுமையாக, "பூட்டின, அணைச்ச, வந்துட்டேன்மா" என்று மூன்று தடவையும் பதில் சொல்வாள்.

ஒருநாள் கரையில் அரும்பாயியின் காலில் ஈரம் பட்டது. ஓடிப்போய் ஊர்த்தலைவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார். மறுநாளும் சொன்னாள். கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள் அவருக்கு எரிச்சல் வந்தது. ராஜா கட்டிய கரையைக் குறை சொன்னால் தலை தப்புமா? கரையைப் பார்க்க ஆள் அனுப்பாமல், அவளைப் பார்க்க ஒரு மந்திரவாதியை அனுப்பினார்.

மந்திரவாதி ஒரு மண்கலயத்தை நீட்டினான். "இதுக்குள்ள ஊதும்மா. ஒரு ஊதலுக்கு ஒரு கவலை போயிடும். உடைச்சாத்தான் திரும்பும். திரும்பினா மொத்தமாத் திரும்பும்."

முதல் நாள் ஊதினாள். அடுப்புக் கவலை போனது. பாவம், எத்தனையோ மாதம் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள் ஊதினாள். மடைக் கவலை போனது. வெயில் ஏறும்வரை தூங்கினாள், கரைக்குப் போகவில்லை. இப்போதுதான் பெண்பிள்ளை லட்சணமாக இருக்கிறாள் என்று ஊரே மெச்சியது.

மூன்றாம் நாள் ஊதினாள். பிள்ளைக் கவலையும் போனது. தும்பை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது, கழுவிக்கொள் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழை பிடித்தது. மாடத்தில் இருந்த கலயம் நடுங்க ஆரம்பித்தது.

"அம்மா, கலயம் நடுங்குது."

"நடுங்கட்டும்."

கரைக்குப் போகலாமா என்று தும்பை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அரும்பாயி வெற்றிலை மென்றாள்.

மறுநாள் காலை வாசலில் தும்பையின் செருப்பு மட்டும் கிடந்தது. பிள்ளை வெறுங்காலோடு கரைக்குப் போயிருக்கிறாள் என்று பார்த்தவுடன் புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சு அடிக்கவில்லை, கால் நகரவில்லை. பெற்றவளுக்கு இந்த நேரத்தில் பயம் வரவேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு கலயத்தை எடுத்துச் சுவரில் அடித்தாள்.

மொத்தமாகத் திரும்பியது. அலறிக்கொண்டு ஓடினாள். சரிவில் முழங்கால் சேற்றில் நின்ற தும்பை, "ஈரம் இல்லம்மா, தண்ணியே வருது" என்றாள். அரும்பாயி மடையைத் திறந்துவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தினாள். கடைசி ஆள் மேட்டில் ஏறியபோது கரை உடைந்தது. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. அறுப்புக்கு நின்ற நெல் போனது, வீடுகள் போயின, மாடுகள் கட்டிய கயிற்றோடு போயின.

மேட்டில் நனைந்து நின்ற தலைவர் கேட்டார்: "ஏம்மா அரும்பாயி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேன்யா."

மந்திரவாதி கலயங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தான்.

ராஜா மனமிரங்கி அவளுக்குப் பரிசு அனுப்பினார். என்ன பரிசு தெரியுமா? பொன்னால் செய்த செருப்பு. அதைக் கலயம் இருந்த மாடத்தில் வைத்துவிட்டு, மறுபடி கட்டிய கரையிலும் வெறுங்காலோடுதான் நடந்தாள். அடுப்பைப் பற்றி இப்போதெல்லாம் ஒரே தடவை கேட்கிறாள். மடைக்குக் காலே பதில் சொல்லிவிடுகிறது. பிள்ளையைப் பற்றி மட்டும் இன்னும் மூன்று தடவை கேட்கிறாள். "வந்துட்டேன்மா" என்று தும்பை மூன்றாவது தடவை சொன்ன பிறகுதான் சோறு இறங்குகிறது.